லியோனி கழுவிய நிலவறை

எங்கள் ஊருக்கு ஒயின் ருசி பார்க்க வருகிறவர்கள் பொய் சொல்லும் அழகே தனி. முப்பத்தைந்து வருஷமாக அவர்களுக்குக் காலைக் காப்பி ஊற்றுகிறவள் நான், எனக்குத் தெரியாதா? ஒயின் உண்மையிலேயே பிடித்துவிட்டால் அவர்கள் பேசவே மாட்டார்கள், காலிக் கோப்பையை மறுபடி நீட்டுவார்கள். பிடிக்காதபோதுதான் பேச்சு வரும். "சுவாரசியமா இருக்கு" என்பார்கள். அதைச் சொல்லக்கூட மனம் வராவிட்டால் வெளியே திரும்பிப் பார்த்து, "அடடா, என்ன ஒரு காட்சி!" என்பார்கள். பிரான்சின் கிழக்கோரத்தில் இருக்கிற எங்கள் அல்சாஸில் காட்சிக்கா பஞ்சம். வீடுகளுக்குப் பின்னால் திராட்சைச் சரிவுகள், உச்சியில் இடிந்த கோட்டை, கீழே சமவெளி. வானம் தெளிந்த நாளில் ரைன் நதிக்கு அப்பால் ஜெர்மனியின் மலைகள்வரை தெரியும். எப்பேர்ப்பட்ட மோசமான ஒயினிலிருந்தும் அந்தக் காட்சியைச் சொல்லித் தப்பித்துவிடலாம்.

எதிர்வீட்டு அலோயிஸ் ஹெல்டரின் நிலவறைக்குப் போய்வந்தவர்கள் ஐந்தாறு வருஷமாகக் காட்சியைப் பற்றியே பேசினார்கள். எனக்கு உறைக்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் என்மீதே கோபம் வருகிறது.

அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு டிராக்டர் போகிற அகலத்துக்குத்தான் தெரு. அவன் தும்மினால் நான் என் சமையலறையிலிருந்து "நல்லா இரு" என்று சொல்லலாம், சொல்லியும் இருக்கிறேன். என் கணவர் எங்கள் விடுதிக்கு வந்து தங்கிய ஒரு சுவிட்சர்லாந்துக்காரியோடு ஓடிப்போன வருஷத்திலிருந்து நாலு அறைகளையும் நான் ஒருத்தியாகத்தான் நடத்துகிறேன். எனக்கும் அலோயிஸுக்கும் ஓர் ஏற்பாடு உண்டு. என் விருந்தினர்கள் பதினோரு மணிக்கு அவன் நிலவறைக்கு ருசி பார்க்கப் போவார்கள். அவனிடம் வந்து ருசி பார்த்து, கார் ஓட்ட முடியாத நிலைக்குப் போனவர்கள் என் வீட்டில் தங்குவார்கள். இந்த ஏற்பாட்டை நாங்கள் எங்கும் எழுதிவைத்துக்கொண்டதில்லை.

அலோயிஸ் நிலவறையில் நிற்பதைப் பார்க்க வேண்டும். ஆறடி உயரம், சிவந்த காதுகள், தலைக்குமேல் முந்நூறு வருஷத்து ஓக் உத்திரம். அதில் முட்டிக்கொள்ளாமலிருக்க நாற்பது வருஷமாகக் கழுத்தைச் சாய்த்தே நின்று, மேலே வந்தாலும் கழுத்து சாய்ந்தே இருக்கும். இரண்டு பக்கமும் ஆள் உயரப் பீப்பாய்கள், எட்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு புனிதையின் பெயர், முகப்பில் செதுக்கியிருக்கும். வந்தவர்களை வரிசையாக நிற்கவைத்து, முதலில் புளிப்பானதிலிருந்து தொடங்கிக் கடைசியில் ரோஜா மணக்கிற இனிப்பு ஒயினில் முடிப்பான். "மதாம், விழுங்கணும்னு கட்டாயமில்ல, துப்பறதுக்கு வாளி இருக்கு. ஆனா துப்பினவங்க பேரை நான் ஞாபகம் வெச்சிருப்பேன்" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். ஒரே நகைச்சுவையை நாற்பது வருஷம் சொன்னாலும் ஒவ்வொரு நாளும் புது ஆட்கள் வருவது எங்கள் தொழிலின் பாக்கியம்.

அவன் மனைவி லியோனி திராட்சைக்காரக் குடும்பம் இல்லை. சமவெளியில், முட்டைக்கோஸ் விளைகிற ஊர். கல்யாணத்துக்குமுன் ஓர் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள். புது மருமகளாக வீட்டுக்குள் கால் வைத்த அன்றைக்கு, மேஜையில் பதினெட்டுப் பேர் உட்கார்ந்திருக்க, அலோயிஸின் அம்மா மூக்கைச் சுளித்துக்கொண்டு, "அம்மாடி, வீட்டுக்குள்ள முட்டைக்கோஸ் நாத்தம் வந்துடுச்சே" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அப்போது எனக்கு இருபத்தாறு வயது, புத்தி கிடையாது. லியோனி சிரிக்கவில்லை. அவள் முன்கழுத்து மட்டும் சிவந்ததைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு அவள் கழுவ ஆரம்பித்தாள். திங்கட்கிழமைகளில் விருந்தினர் வரமாட்டார்கள், அலோயிஸ் சரிவுக்குப் போய்விடுவான். லியோனி வாளியும் துடைப்பமுமாகக் கீழே இறங்குவாள். தரை, படி, சுவர், உத்திரம், பீப்பாய்களின் வெளிப்பக்கம், புனிதைகளின் முகம், எதையும் விடமாட்டாள். மற்றவர்கள் நிலவறைகளில் சுவரெல்லாம் கறுப்புப் பூசணம் படர்ந்து கிடக்கும், அது கிடக்கட்டும், ஒயினுக்கு நல்லது என்பார்கள். ஹெல்டர் நிலவறையில் தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம். வருகிறவர்களுக்கெல்லாம் ஆச்சரியம். மாமியார் சாகும்வரை பாராட்டவில்லை. லியோனி அவள் செத்த பிறகும் நிறுத்தவில்லை, தானே நோய்வாய்ப்பட்டு இரண்டு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போகிற வரைக்கும் கழுவினாள்.

விஷயம் எனக்குத் தெரியவந்தது போன மே மாதம். பெல்ஜியத்திலிருந்து முசியே தெஸ்மெட் என்று ஒரு பல் டாக்டர் இருபத்திரண்டு வருஷமாக மே மாதத்தில் வருவார், என் மூன்றாம் எண் அறைதான் வேண்டும். ஒவ்வொரு முறையும் அறுபது பாட்டில் வாங்கி, கார் பின்பக்கம் தரையில் உரச ஊருக்குப் போவார். இந்த முறை மூன்றே பாட்டிலோடு தெருவைக் கடந்து வந்தார். மறுநாள் காலை அவர் தட்டில் ரொட்டியை வைத்துவிட்டு நகராமல் நின்றேன்.

"முசியே, உடம்பு சரியில்லையா?"

"எனக்கென்ன மதாம், நல்லாத்தான் இருக்கேன். ரூம்லயிருந்து பார்த்தா கோட்டை என்ன அழகு!"

"கோட்டை இருபத்திரண்டு வருஷமா அங்கதான் இருக்கு. மூணு பாட்டில் ஏன்?"

அவர் வெண்ணெயை ரொட்டியில் தடவினார். தடவிய இடத்திலேயே மறுபடி தடவினார். "நாலு வருஷமாவே சந்தேகம். வீட்டுக்குப் போய்த் திறந்தா ஈர அட்டைப்பெட்டி வாசனை. மழையில நனைஞ்ச பழைய பேப்பர் மாதிரி. ஒரு பாட்டில்னா கார்க் கெட்டுப்போச்சுன்னு விட்டுடலாம். எல்லா பாட்டிலும் அப்படியே."

"அவன்கிட்ட சொல்லவேண்டியதுதானே?"

"நான் பல் டாக்டர், மதாம். யாருக்கு என்ன கெட்டுப்போயிருக்குன்னு சொல்றதுதான் என் பிழைப்பு. ஆனா மனைவிய இழந்துட்டு நிக்கிற ஒருத்தர்கிட்ட, உங்க ஒயின் அழுகிப்போச்சுன்னு சொல்ல எனக்கு வாய் வரல." போகும்போது அந்த மூன்று பாட்டில்களையும் என் மேஜைமேலேயே வைத்துவிட்டுப் போனார். மூன்றாம் எண் அறையை அடுத்த வருஷத்துக்குச் சொல்லிவைக்கவும் இல்லை.

அன்று மதியம் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு ஒன்றைத் திறந்தேன். நிலவறைக்குள் நின்று நூறு தடவை குடித்திருக்கிறேன், ஒன்றும் தெரிந்ததில்லை. அங்கே காற்றே அப்படி, கோப்பைக்குள் இருப்பதும் வெளியே இருப்பதும் ஒரே வாசனையாக இருந்தால் எந்த மூக்கு கண்டுபிடிக்கும்? என் சமையலறையில் வைத்து முகர்ந்தபோது நனைந்த அட்டைப்பெட்டி முகத்தில் அறைந்தது. அந்த ஒயினில் வரவேண்டிய எலுமிச்சை வாசனை இல்லை, நனைந்த கல் வாசனை இல்லை, பழம் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஊரில் மற்றவர்களுக்கு இது தெரியாமல் இருந்திருக்குமா? தெரிந்திருக்கிறது. மேல்தெரு ஆட்களிடம் மெல்லக் கேட்டபோது, "ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வாசனை, நமக்கெதுக்கு?" என்றார்கள். மரியாதையாம்! அந்த மரியாதையைக் கொண்டுபோய் ரைனில் போட வேண்டும்.

நான் சொல்லத்தான் போனேன். மூன்று தடவை போனேன். முதல் தடவை அவன் லியோனியின் படத்துக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தான், ஆணியைப் பிடித்துக்கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். இரண்டாம் தடவை ஒரு பஸ் நிறைய ஜெர்மன்காரர்கள் இருந்தார்கள். மூன்றாம் தடவை பாட்டிலையே கையில் எடுத்துக்கொண்டு போனேன்.

"அலோயிஸ், இதுல ஏதோ ஈர வாசனை வருது."

"ஜலதோஷமா உனக்கு?"

"எனக்கு ஒண்ணும் ஜலதோஷமில்ல. நீ முகர்ந்து பாரு."

அவன் ஊற்றினான், வெளிச்சத்தில் பிடித்தான், கோப்பைக்குள் அந்தப் பெரிய மூக்கை விட்டுக் கண்ணை மூடினான். "எலுமிச்சம்பழத் தோல். மழை பெஞ்ச கல்லு. கடைசியில கொஞ்சம் தேன்." கண்ணைத் திறந்தான். "எல்லாம் அதது இடத்துல இருக்கு. நீ போடற காப்பியக் குடிச்சுக் குடிச்சு உன் நாக்கு செத்துப்போச்சு, ஒடெட். அதுக்கு ஒயின் என்ன பண்ணும்?"

அவன் பொய் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. அவன் மனசிலிருந்து முகர்ந்துகொண்டிருந்தான். நாற்பது வருஷத்து நல்ல ஒயின்கள் அவன் தலைக்குள் இருந்தன, கோப்பையில் இருந்தது அவனுக்கு எட்டவேயில்லை. நான் பாட்டிலை அங்கேயே வைத்துவிட்டு, வாழ்த்துச் சொல்ல வந்தவள்போலச் சிரித்துவிட்டுத் திரும்பினேன்.

அதற்குப் பிறகு நான் செய்தது சொல்ல வெட்கமான காரியம். என் விருந்தினர்களைக் கீழ்த்தெருவில் வேறு வீட்டுக்கு அனுப்ப ஆரம்பித்தேன். என்னை நம்பி வருகிறவர்களுக்கு ஈர அட்டையைக் குடிக்கக் கொடுக்க முடியுமா? பதினோரு மணிக்கு அவர்கள் என் வாசலிலிருந்து இறங்கி இடதுபக்கம் திரும்புவார்கள். எதிரே அலோயிஸ் வெள்ளைத் துணி விரித்து, கோப்பைகளை வரிசையாக வைத்து, கேக்கைச் சதுரமாக நறுக்கிவைத்து, சாய்ந்த கழுத்தோடு வாசலில் நிற்பான். அவர்கள் திரும்புகிற வரைக்கும் பார்ப்பான். பிறகு கேக்கின்மேல் துணியை மூடுவான். நாலு நாள் கழித்து, தானே சமாதானம் கண்டுபிடித்துக்கொண்டான். "இப்போ வர்ற ஜனங்களுக்கு ருசியே கிடையாது, ஒடெட். படம் எடுக்கத்தான் வர்றாங்க."

"ஆமா, படம் எடுக்கத்தான்" என்றேன்.

ஜூன் மாதக் கடைசியில் அவனுக்கு இடுப்பு மூட்டு மாற்றும் ஆபரேஷன். கோல்மாரில் ஆஸ்பத்திரி, அப்புறம் அங்கேயே நடை பழகும் விடுதி, மொத்தம் நாலு வாரம். சாவியை என்னிடம் கொடுத்தான். "பூனைக்குச் சோறு வை. கீழ எதையும் தொடாதே, தொட்டா புனிதைங்க என்கிட்ட சொல்லிடுவாங்க."

நான் தொட்டேன். ஒயின் ஆய்வுக்கூடம் ஒன்றுக்குப் போன் போட்டு ஆளை வரவழைத்தேன். திருட்டுத்தனம்தான். வேறு வழி இருந்தால் யாராவது எனக்குச் சொல்லட்டும்.

வந்தவர் மெலிந்த, அமைதியான மனிதர். கீழே இறங்கியதுமே கர்ச்சீப்பை எடுத்துவிட்டார். சுவரைச் சுரண்டினார், உத்திரத்தில் துளை போட்டு மரத்தூள் எடுத்தார், எட்டுப் பீப்பாயிலும் ஒயின் எடுத்தார். பிறகு சுற்றிப் பார்த்து, "ரொம்பச் சுத்தமா இருக்கே" என்றார். அதைப் பாராட்டாகச் சொல்லவில்லை.

"அவரோட மனைவி வாரா வாரம் கழுவுவாங்க."

"எதால?"

"தண்ணியால. சோப்பு."

"பிளீச்?"

நான் பதில் சொல்வதற்குள் அவர் தொடர்ந்தார். பிளீச்சில் இருக்கிற குளோரின் வருஷக்கணக்காக மரத்தில் ஊறும், மரத்தில் கண்ணுக்குத் தெரியாத பூசணம் இருக்கும், இரண்டும் சேர்ந்தால் இந்த வாசனை பிறக்கும், பிறந்துவிட்டால் போகாது, மரத்திலிருந்து காற்றுக்கு, காற்றிலிருந்து ஒயினுக்கு. "திராட்சைக்காரங்க வீட்ல இப்பல்லாம் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியுமே மதாம், பிளீச் நிலவறைக்குள்ள வரக்கூடாதுன்னு."

முட்டைக்கோஸ் ஊரில் பிறந்து, ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வளர்ந்தவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? அங்கே பிளீச்தான் தெய்வம். இங்கே மாமியார் சொல்லவில்லை, மருமகளிடம் பேசினால்தானே சொல்ல. அலோயிஸ் சொல்லவில்லை, தெரியாதவர்கள் உலகத்தில் இருப்பார்கள் என்றே அவனுக்குத் தோன்றியிருக்காது. அவன் மூக்குக்குத் தெரியாமல் திங்கட்கிழமை கழுவி, அலசி, கதவைத் திறந்துவைத்து ஆறவிட்டிருக்கிறாள்.

நான்? என் தாத்தா திராட்சைக்காரர். எனக்குத் தெரியும். விடுதிக் கழிவறைகளுக்காக ஐந்து லிட்டர் டப்பாக்களில் பிளீச் வாங்குகிறவள் நான். "ஒடெட், ஒரு டப்பா குடு, டாய்லெட்டுக்கு" என்று லியோனி மாசத்துக்கு ஒரு தடவை பின்கதவு வழியாக வருவாள். இரண்டு பேர் இருக்கிற வீட்டில் ஒரே ஒரு கழிவறை. மாசத்துக்கு ஐந்து லிட்டர் எதற்கு என்று ஒருநாளாவது நான் கேட்டேனா? அவள் கையில் நான்தான் தூக்கிக் கொடுத்தேன். கனமாக இருக்கிறதே என்று சில நாள் அவள் வாசல்வரை கொண்டுபோய்க்கூட வைத்திருக்கிறேன்.

பத்து நாளில் ஆய்வுக்கூடத்துக் காகிதம் வந்தது. பீப்பாய்கள் எட்டையும் எரிக்க வேண்டும். உத்திரத்தை வெட்டியெடுத்து வேறு போட வேண்டும், படி, கதவு எல்லாம். சுவரைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். இதைச் செப்டம்பர் அறுவடைக்குள் செய்தால் இந்த வருஷத்து ஒயின் பிழைக்கும், ஹெல்டர் என்ற பெயரும் பிழைக்கும். செய்யாமல் புது ஒயினை உள்ளே வைத்தால் அதுவும் போச்சு. குளோரின் கலந்த எதையோ பல வருஷமாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்றும் ஒரு வரி இருந்தது.

ஜூலைக் கடைசியில் அவனை என் காரில் அழைத்துவந்தேன். வழியெல்லாம் பேச்சைத் தயார் செய்துகொண்டே வந்தேன். 'அலோயிஸ், கோபப்படாம கேளு' என்று தொடங்குவதா, 'அலோயிஸ், நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்' என்று தொடங்குவதா? அவனோ சரிவுகளைப் பார்த்து, யார் எவ்வளவு மோசமாகக் கிளை வெட்டியிருக்கிறார்கள் என்று வீட்டுக்கு வீடு திட்டிக்கொண்டு வந்தான். நாலு வாரம் ஆஸ்பத்திரி மருந்தையும் சூப்பையும் முகர்ந்த மனிதன், தன் ஊர்க் காற்றை வாய் திறந்து குடித்தான்.

வீட்டுக்குள் போகாமல் ஊன்றுகோலோடு நேரே நிலவறைக் கதவுக்குப் போனான். சாவியை நீட்டினேன். கதவைத் திறந்து முதல் படியில் கால் வைத்தவன் அப்படியே நின்றுவிட்டான். நாலு வாரத்தில் அவன் மூக்கு கழுவப்பட்டிருந்தது. அவனுக்கு வாசனை வந்துவிட்டது, எனக்குத் தெரிந்துவிட்டது. நான் எதுவும் சொல்லத் தேவையில்லை என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டேன், மடச்சி.

"ஒடெட்" என்றான். "லியோனி."

"என்னப்பா?"

"லியோனி வாசனை." அவன் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டான். "கீழயிருந்து அவ மேல வரும்போது, தலைமுடியில, ஸ்வெட்டர்ல இந்த வாசனைதான் வரும். அவ போனதும் அலமாரியெல்லாம் தேடினேன். துணியெல்லாம் முகர்ந்து பார்த்தேன், ஒண்ணுத்துலயும் இல்ல, எல்லாம் சோப்பு வாசனை. போயிடுச்சுன்னு நினைச்சேன். இங்கதான் இருந்திருக்கா, பாரு. இத்தனை நாளா நான் இங்கயே நின்னுட்டு..."

காகிதம் என் கைப்பையில் இருந்தது. அன்றைக்கு அதை எடுக்கவில்லை. மறுநாள் கொடுத்தேன். எத்தனை நாள் வைத்துக்கொள்ள முடியும், அறுவடை யாருக்காகவும் காத்திருக்காதே. அவன் கண்ணாடி போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தான். அந்தக் குளோரின் வரியில் விரல் நின்றது. நான் என் டப்பாக்களைப் பற்றிச் சொல்ல வாயெடுத்துவிட்டு, மேஜைத் துணியின் சுருக்கத்தை நீவிவிட்டேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை என்ற அந்த பெல்ஜியம் பல் டாக்டரை மனசுக்குள் நான் என்னவெல்லாம் திட்டியிருந்தேன்!

"ஆக, இத்தனை வருஷமா நான் ஊத்தினதெல்லாம் இதுதான்" என்றான்.

"அலோயிஸ்..."

"எல்லாரும் சிரிச்சுக்கிட்டே குடிச்சாங்க."

"இப்பவும் நேரம் இருக்கு. தச்சர்கிட்ட நான் பேசறேன். ஆகஸ்டுக்குள்ள முடிச்சுடலாம்."

"பேசு" என்றான்.

தச்சர் ஆகஸ்டு பத்தாம் தேதி இரண்டு ஆட்களோடு வந்தார். அலோயிஸ் அவர்களுக்குக் காப்பி கொடுத்தான், கேக் கொடுத்தான், நாளைக்கு வாங்க என்றான். மறுநாள் வந்தார்கள், இடுப்பு வலிக்கிறது, திங்கட்கிழமை வாங்க என்றான். திங்கட்கிழமை வந்தபோது கதவைத் திறக்கவேயில்லை. நான் தெருவைக் கடந்து போய்க் கத்தினேன். அந்தத் தெருவுக்கே கேட்டிருக்கும்.

"மரத்தை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப்போறே? பூஜை பண்ணப்போறியா? உங்கப்பன், உன் தாத்தன் பேரு உன் வாசப் பலகையில இருக்குடா! நாலு ஏக்கர் பழுத்து நிக்குது, எங்க கொண்டுபோய் வைப்பே?"

கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. "கத்தாதே ஒடெட். உன் ரூம்காரங்க பயந்துடுவாங்க."

கோபத்தில் கதவை உதைத்தேன். என் கால் வலித்ததுதான் மிச்சம்.

செப்டம்பரில் திராட்சையை வெட்டினார்கள். பழம் அப்படி ஒரு பழம், பல வருஷமாக நான் பார்க்காத பழம். கூட்டுறவுச் சங்கத்தின் டிராக்டர் எங்கள் தெருவில் பின்புறமாக வந்து நின்று, ஹெல்டர் திராட்சை அத்தனையையும் மற்றவர்கள் பழத்தோடு கொட்டிக் கலந்து எடுத்துப் போனது. அலோயிஸ் வாசலில் நின்று பார்த்தான். பிறகு ஏணி கேட்டான், நான் தரமாட்டேன் என்றேன், புது இடுப்போடு ஏணியாம். அவன் ஒரு கழியால் தட்டியே 'ஒயின் ருசி பார்க்கலாம், வாருங்கள்' என்கிற பலகையைக் கொக்கியிலிருந்து கீழே இறக்கினான். அது கல்லில் விழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அன்று மாலை அவன் என் பின்கதவைத் தட்டினான். கையில் ஒரு காலி ஐந்து லிட்டர் டப்பா. சோப்புக்கடைக்காரர் ஒட்டுகிற சீட்டு இன்னும் அதில் இருந்தது, நீல மையில் என் பெயர், 'ஒடெட், நாலு அறை.'

"உன்னுது. கத்தரீன் பீப்பாய்க்குப் பின்னால இருந்துச்சு" என்றான். "அலசி வெச்சிருக்கேன்."

"எனக்குத் தெரியாது, அலோயிஸ். கழிவறைக்குன்னு கேட்டா. நான் கேட்டிருக்கணும். சத்தியமா..."

"உன்ன யாரு கேட்டா?" டப்பாவை என் படியில் வைத்தான். கழுத்தைச் சாய்த்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தான். "எங்கம்மா சொன்னது ஒரே ஒரு வார்த்தை. நானும் அன்னிக்கு அந்த மேஜையிலதான் உட்கார்ந்திருந்தேன், ஒடெட். அந்த ஒரு வார்த்தையத்தான் இவ முப்பத்தோரு வருஷம் தேய்ச்சிருக்கா."

அந்த மேஜையில் நானும் சிரித்தேன் என்று அவனுக்கு ஞாபகம் இருக்கிறதா, தெரியாது. கேட்கிற தைரியம் எனக்கு இல்லை.

இப்போது அக்டோபர். இலையெல்லாம் மஞ்சளாகி, காட்சி உச்சத்தில் இருக்கிறது, நாலு அறையும் நிறைந்திருக்கிறது. எதிரே அந்தப் பழைய வீட்டில் ருசி பார்க்கலாமா என்று விருந்தினர்கள் கேட்கிறார்கள், மூடிவிட்டார்கள் என்கிறேன். அலோயிஸ் தினமும் காலை ஒன்பதரைக்கு என் சமையலறைக்கு வந்து ஜன்னலோரம் உட்காருகிறான். ஊர் என்ன பேசுகிறது என்று எனக்குத் தெரியும், பேசட்டும். பேச்சுக்குக் காரணமாக ஏதாவது இருந்திருந்தால் நானும் சந்தோஷப்பட்டிருப்பேன், ஒளிப்பானேன். அவன் காப்பிகூடக் குடிப்பதில்லை, வெறும் வெந்நீர். காலையில் நான் வெங்காயம் வதக்குவதை விட்டுவிட்டேன், பன்றிக்கறியைப் புகையில் வாட்டுவதையும். ஜன்னலைத் திறந்துவைக்கிறேன். தரையைக்கூட இப்போது வெறும் தண்ணீரில்தான் துடைக்கிறேன்.

ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருப்பான். பதினோரு மணிக்கு, கோப்பைகளை வைத்துக்கொண்டு நிற்கிற அவனுடைய பழைய நேரத்துக்கு, எழுந்து கதவருகில் நின்று இரண்டு தரம் மூச்சை இழுத்துப் பார்ப்பான். "வரேன் ஒடெட், மூக்கு சுத்தமாயிடுச்சு" என்பான். தெருவைக் கடந்து, நிலவறைக் கதவைத் திறந்து, விளக்கைப் போடாமல் உள்ளே போய்ச் சாத்திக்கொள்வான்.

நான் பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டே கடிகாரத்தைப் பார்ப்பேன். பத்து நிமிஷத்தில் வெளியே வந்துவிடுவான். அதற்குமேல் மூக்குக்குப் பழகிவிடும், அவள் இருக்கமாட்டாள்.